ஒரு டோக்கன் குறைகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது, பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டும் வேலையும் என் தலையில்தான் விழும். முதல் தடவை பாறை அடுக்குப் படம், உற்பத்திக் கணக்கு என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோனேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள். பத்தே நிமிஷத்தில் கொட்டாவி!

பார்வை மேடையிலிருந்து, கீழே சுரங்கப் பள்ளத்தில் ஓடும் டம்பர் லாரிகளைப் பார்த்து, "பொம்மை வண்டி" என்றான் ஒருவன். நான் மறுக்கவில்லை. பணிமனைக்கு அழைத்துப்போய், கழற்றி வைத்திருந்த டயரின் பக்கத்தில் அவனை நிறுத்தினேன். பெரிய டம்பர்களின் டயர் 4 மீட்டர் உயரம். அவனைப்போல் மூன்று பேரை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்தினாலும் எட்டாது. ஒரு நடைக்கு 350 டன்னுக்கு மேல் சுமக்கிற வண்டி அது. அப்புறம்தான் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அவனுக்கே உறைத்தது.

அடுத்த கேள்வியும் அவனுடையதுதான்: "அவ்வளவு உசரத்துல இருக்கற டிரைவருக்குக் கீழே ஜீப் வந்தா தெரியுமா சார்?"

தெரியாது. பக்கத்தில் வந்துவிட்டால் தெரியவே தெரியாது. அதனால்தான் சுரங்கத்துக்குள் போகும் ஜீப்பில் நீளக் கம்பி நட்டு, உச்சியில் கொடியும் விளக்கும் வைப்போம். பயிற்சி வகுப்பில் பெரியவர்களுக்கு அரைமணி நேரம் நான் விளக்குகிற விஷயத்தை, ஒன்பது வயசுப் பையன் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான். அன்றோடு படக்கட்டைத் தூக்கி வைத்துவிட்டேன்.

நிலத்தடிக்குப் பிள்ளைகளை இறக்க மாட்டோம். இறங்கும் வாசல்வரைதான். அங்கே வைத்து ஒரு பழைய கதை சொல்வேன். பிரிட்டனில் ஒருகாலத்தில் ஐந்தாறு வயசுக் குழந்தைகள்கூட நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். காற்றோட்டம் கெடாமல் இருக்க உள்ளே கதவுகள் இருக்கும். தள்ளுவண்டி வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் இருட்டில், தனியாக. 1842இல் வந்த சட்டம்தான் பெண்களையும் பத்து வயசுக்குட்பட்ட பையன்களையும் உள்ளே இறக்கக் கூடாது என்றது. இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா என்று கூட வந்த டீச்சருக்குத் தயக்கம். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கூட்டத்தில் மெதுவாக ஒரு குரல்: "எனக்கு ஒம்போதுதான்."

அதே வாசலில் டோக்கன் பலகை இருக்கும். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண் போட்ட டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கி, ஏறி வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பலகையே சொல்லிவிடும். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால், அந்த ஆள் எங்கே என்று தெரியும்வரை தேடுவோம். "மறந்துபோய் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா?" என்றாள் ஒரு சிறுமி. அப்போதும் தேடத்தான் செய்வோம். மறுநாள் அந்த ஆளுக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும் என்றேன்.

பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்திருந்தோம். கிளம்பும் நேரத்தில் ஓர் ஆணி காலி. டீச்சர் தலை எண்ணிவிட்டார். எல்லாரும் பஸ்ஸில் இருக்கிறார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனார். "எடுக்காதீங்க அண்ணே, ஒரு டோக்கன் குறையுது!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

இருபது நிமிஷம் தேடினோம். டயர் பக்கத்தில் நின்றானே, அவன் சாக்ஸுக்குள் இருந்தது. நன்றி, வணக்கம்.