ஒரு பொதி, ஆறு சட்டங்கள்: இலங்கையின் இணைய வணிகத்தில் விட்டுப்போனவை

எல்லோருக்கும் வணக்கம். இணைய வணிகச் சட்டம் என்று தலைப்புப் போட்டால் பாதிக் கதிரை காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து வந்தேன். நிறைய முகங்கள் தெரிகின்றன, சந்தோஷம். வராதவர்களும் இப்போது வீட்டிலிருந்து கைபேசியில் எதையாவது ஓர்டர் பண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இலங்கையில் இணைய வணிகத்துக்குச் சட்டமே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. மேடையில் சொல்வதற்கு வசதியான பேச்சு, ஆனால் சரியில்லை. வவுனியாவில் ஒருவர் வெளிநாட்டுத் தளமொன்றில் ஒரு கைக்கடிகாரம் வாங்குகிறார் என்று வையுங்கள். அவர் திரையில் பொத்தானை அழுத்தியதும் உருவாகும் ஒப்பந்தம் 2006ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்துக்குள் வருகிறது. கடனட்டையில் டொலர் வெளியே போவது 2017ஆம் ஆண்டு வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள். பொருளை உள்ளே விடலாமா என்பது 1969ஆம் ஆண்டு இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுச் சட்டம். கட்டுநாயக்காவில் அந்தப் பொதியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் 1869ஆம் ஆண்டு சுங்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. கடிகாரம் ஓடவில்லை என்றால் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம். அவருடைய பெயரும் முகவரியும் எங்கெங்கே போகலாம் என்பதற்கு 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

ஆறு சட்டம், ஒரு கைக்கடிகாரம். 1869 என்பது சுயஸ் கால்வாய் திறந்த வருடம். இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் முதலில் கண்ட வருடமும் அதுதான். தேயிலைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் எழுதிய சட்டத்தை, பலதடவை திருத்தித் திருத்தி, இன்றைய கூரியர் பொதிக்கும் போட்டுப் பார்க்கிறோம். பழையது என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. இந்த ஆறும் வெவ்வேறு அமைச்சுகள், வெவ்வேறு திணைக்களங்களின் கையில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தன் பங்கைப் பார்ப்பார். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நடந்த முழு வியாபாரம் யாருடைய மேசையிலும் கிடையாது. ஆட்கள் ஏமாறுவது அந்த இடைவெளிகளில்தான்.

சட்டம் எழுதுவதில் நாங்கள் பிந்தியவர்களும் அல்ல. மின்னணு ஒப்பந்தங்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் 2006இலேயே கையெழுத்திட்டோம், 2015இல் ஏற்புறுதி செய்தோம், அதற்கேற்ப 2017இல் உள்நாட்டுச் சட்டத்தையும் திருத்தினோம். கணினிக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தெற்காசியாவில் முதலில் சேர்ந்த நாடும் இலங்கைதான், 2015இல். சர்வதேச மாநாடுகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். ஆனால் அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம் தனக்குள் வராதவை என்று சிலவற்றை ஒதுக்கியிருக்கிறது: மரண சாசனம், அற்றோர்ணித் தத்துவம், காணி விற்பனை, மாற்றுண்டியல். முதல் மூன்றும் விளங்குகிறது, ஆட்களின் சொத்து விஷயம், அவசரப்படத் தேவையில்லை. மாற்றுண்டியல் அப்படியல்ல. அது ஏற்றுமதி வியாபாரத்தின் கடன் பத்திரம். பி.எல். என்று நீங்கள் சொல்லும் கப்பல் சரக்குப் பத்திரமும் இன்னும் தாள்தான். மூலப் பிரதி கையில் இருந்தால்தான் சரக்கு கிடைக்கும். கொள்கலன் கொழும்புக்கு வந்து இறங்கிவிடும், தாள் இன்னும் வங்கியில் இருக்கும், நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். இந்தப் பத்திரங்களை மின்வடிவில் ஏற்பதற்கு ஐ.நா. 2017இல் ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. சிங்கப்பூர் 2021இல் அதை எடுத்துக்கொண்டது. சரி, அது பணக்கார நாடு என்பீர்கள். பசிபிக்கில் இருக்கும் கிரிபாட்டியும் அதே வருடம் எடுத்துக்கொண்டது. எங்களுடைய பெரும்பாலான மாவட்டங்களின் சனத்தொகைகூட அங்கே இல்லை.

இனி நான் அதிக நேரம் எடுக்கப்போவது உள்ளூர் விற்பனைக்கு. வெளிநாட்டுப் பெரிய தளங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நம்மவர்கள் அன்றாடம் மாட்டிக்கொள்வது முகநூல் பக்கங்களில். ஒரு பக்கத்தில் அழகான சுடிதார் படம். கீழே ஒரு வட்சப் இலக்கம். விலை கேட்டால் 'இன்பொக்ஸ்' என்று பதில். பெயர், முகவரி, பதிவு இலக்கம் ஒன்றும் இல்லை. 'பொருள் வந்ததும் காசு கொடுங்கள்' என்பார்கள், அதனால் எங்களுக்கும் ஒரு நம்பிக்கை. கூரியர் தம்பி வாசலில் வந்து நிற்பார். காசு கொடுத்தால்தான் பொதியைத் தருவார். கொடுத்த பிறகுதான் திறக்கலாம். திறந்தால் உள்ளே இருப்பது படத்தில் இருந்தது அல்ல. தம்பியைக் கேட்டால் 'நான் கொண்டுவந்து தருகிறவன் மட்டும்தான் அக்கா' என்பார், அவர் சொல்வதும் உண்மை. வட்சப்பில் எழுதினால் சாம்பல் நிற ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றுவிடும். அதாவது, பெரும்பாலும் உங்களை புளொக் பண்ணியாயிற்று.

சரி, 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிடுவோம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் முறைப்பாடு கேட்கிறது, வாங்கி மூன்று மாதத்துக்குள். யாருக்கு எதிராக? அங்கேதான் பேனா நின்றுவிடும். அந்தச் சட்டம் வியாபாரி என்றால் ஒரு கடையும் கதவும் இருக்கும் என்று நினைத்து எழுதியது. வியாபார இடத்தில் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்கிறது. வியாபார இடமே ஒரு கைபேசியாக இருந்தால் எந்தச் சுவரில் விலைப்பட்டியலைத் தொங்கவிடுவது?

விற்பவரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று அதிகாரிகள் சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. வாசலில் வாங்கிய காசு எங்கே போகிறது? கூரியர் நிறுவனம் அதைச் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்து, விற்றவருடைய வங்கிக் கணக்குக்குப் போடுகிறது. அப்படியென்றால் அந்த நிறுவனத்துக்கு அவர் யார் என்று தெரியும். வங்கிக்கு அவருடைய அடையாள அட்டை இலக்கமே தெரியும். ஒளிந்திருப்பவரைத் தெரிந்த இரண்டு பேர் இந்தச் சங்கிலியிலேயே இருக்கிறார்கள். வாங்கியவருக்கு மட்டும் தெரியாது. காசு வாங்கித் தரும் ஒவ்வொரு கூரியர் சீட்டிலும் விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், திறந்து பார்க்க ஒரு சின்ன அவகாசம் தர வேண்டும், முறைப்பாடு வந்தால் காசைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒரு பணிப்புரை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டமூலம் வேண்டியதில்லை. வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டுச் சட்டமே அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கிறது.

அந்தக் கூரியர் சீட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாங்குபவரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி இலக்கம் மூன்றையும் பொதியின் மேலேயே ஒட்டி ஊரெல்லாம் கொண்டுதிரிகிறோம். பிறகு தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு 'ஹாய்' என்று செய்தி வந்தால் அது எங்கிருந்து கசிந்தது என்று யாரைக் கேட்பது? தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 நடைமுறைக்கு வர இருந்தன. நாள் நெருங்கியபோது ஒத்திவைத்தார்கள். ஆயத்தம் போதாது என்பது காரணம். ஆயத்தப்படத்தான் மூன்று வருடம் கொடுத்திருந்தார்கள்! விற்பவரின் பெயர் தெரியவே கூடாது, வாங்குபவரின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியலாம் என்ற நிலைமையில் வியாபாரம் நடக்கிறது.

மொழியையும் விட்டுவிட முடியாது. அரச திணைக்களத்துக்குத் தமிழில் பதில் தரும் கடமை உண்டு. தனியார் செயலிக்கு அது இல்லை. திருப்பி அனுப்பும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும். ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்துகிறோம், எதை ஏற்றுக்கொண்டோம் என்று தெரியாமல்.

வாங்குகிற பக்கம் அப்படி. விற்கிற பக்கம் வாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வடிவமைப்போ மென்பொருளோ செய்கிற இளையவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் இலங்கையிலிருந்து பணம் கட்டலாம், பெற முடியாது என்ற நிலை எத்தனையோ வருடமாகத் தொடர்ந்தது. ஸ்ட்ரைப் போன்ற சேவைகள் தங்கள் நாடுகளின் பட்டியலில் எங்களைச் சேர்க்கவில்லை. அதனால் என்ன நடக்கிறது? கொஞ்சம் வசதியுள்ளவர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவெயரிலோ ஒரு கம்பனியைப் பதிவு செய்கிறார். வேலை செய்வது நல்லூரில், ஏற்றுமதி எழுதப்படுவது சிங்கப்பூர்க் கணக்கில். வசதியில்லாதவர் லண்டனில் இருக்கும் மாமாவின் கணக்குக்குப் பணத்தை வாங்குகிறார். மாமா அதை அனுப்பும்போது அது உறவினர் அனுப்பிய பணமாகப் பதிவாகிறது. 2025 ஏப்ரல் முதல் இந்தச் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 15 வீத வரி. வரி கட்டச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏற்றுமதியாளர் என்று வரி கேட்கும் அரசு, ஏற்றுமதியாளராகப் பணம் பெறும் வழியை முதலில் திறந்துவிட்டிருக்க வேண்டும். 2022இல் ஒவ்வொரு டொலரையும் எண்ணிக்கொண்டிருந்த நாடு இது.

2024 பெப்ரவரி 12 கைபேசியால் காசு கட்டும் இந்தியாவின் யூபிஐ முறை இலங்கையிலும் மொரிசியஸிலும் தொடங்கியது, ஞாபகம் இருக்கும். பலாலிக்கு விமானத்தில் வந்தவரும் காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கியவரும் கடையில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆர் அட்டையைத் தங்கள் கைபேசியால் படம்பிடித்துக் காசு கட்டலாம். நல்ல விஷயம். ஆனால் தொடங்கியபோது அது ஒரு வழிப் பாதை. எங்களுடைய வியாபாரி சென்னையில் துணி எடுக்கப் போனால் அதே மாதிரி அங்கே கட்ட முடியாது. பேச்சுவார்த்தை மேசையில் நாங்கள் கேட்க வேண்டியது இந்த மறுபாதியைத்தான்.

வரியைப் பற்றி ஒரு நிமிடம். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டால் 18 வீத பெறுமதி சேர் வரி அந்தக் கட்டணத்தில் ஏறுகிறது. அதே விளம்பரத்தை வெளிநாட்டுத் தளத்தில் போட்டால் அந்த வரி இல்லாமல் இருந்தது. இதைச் சரிசெய்ய, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் 2025 ஒக்டோபர் 1 முதல் வரி என்று சட்டம் திருத்தினார்கள், பிறகு திகதியைத் தள்ளினார்கள். என் அபிப்பிராயத்தில் அது நியாயமான வரி. உலக வர்த்தக அமைப்பில் 1998 முதல் ஒரு விரதம் மாதிரி நீட்டித்து வந்த ஏற்பாடு, மின்வழியே வரும் பொருளுக்குச் சுங்கத் தீர்வை போடக்கூடாது என்பது. 2024இல் அபுதாபியில் அதை நீட்டித்தபோது அடுத்த மாநாடு அல்லது 2026 மார்ச் 31, எது முந்துகிறதோ அதுவரை என்றுதான் எழுதினார்கள். அதை நீட்டிப்பதா விடுவதா என்று நாடுகள் போடும் சண்டையில் ஒரு சின்னத் தீவு சக்தியைச் செலவழிப்பதில் பயனில்லை. வானத்தில் வரும் பாட்டுக்கும் மென்பொருளுக்கும் சுங்க அதிகாரி எங்கே நிற்பார்? நுகர்வு வரியாக வாங்குவது நடக்கக்கூடிய வழி.

பெரிய தளங்கள் எங்கள் பேச்சைக் கேட்குமா என்றால், தனியாகச் சொன்னால் சிரமம். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது பெரிய இணைய நிறுவனங்களின் ஆசியக் கூட்டமைப்பு வெளிப்படையாகவே எதிர்த்தது. இந்தியாவை எதிர்த்தால் இழக்கும் சந்தை வேறு, எங்களை எதிர்த்தால் இழக்கும் சந்தை வேறு. அதனால் சேர்ந்து போக வேண்டும். சிங்கப்பூர், நியூசிலாந்து, சிலி மூன்றும் 2020இல் டிஜிட்டல் பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மற்ற நாடுகளும் சேரலாம், தென் கொரியா 2024இல் சேர்ந்தது. சிங்கப்பூரோடு எங்களுக்கு 2018இலிருந்து சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் இருக்கிறது, அதில் மின் வணிகத்துக்கு ஓர் அத்தியாயமும் உண்டு. கதவு மூடியிருக்கவில்லை. உள்ளே போவதென்றால் தரவுப் பாதுகாப்பு நடைமுறையில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். மொரிசியஸ் அந்தச் சட்டத்தை 2017இல் எழுதி அடுத்த வருடமே நடைமுறைப்படுத்தியது.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன், கேள்விகளுக்கு நேரம் வேண்டும். கூரியர் பொதியில் ஏமாந்தவர்கள் யாரும் இருந்தால், சீட்டை எறிந்துவிடாமல் வைத்திருக்கிறீர்களா? மூன்று மாதம் தாண்டாதவர்கள் முதலில் கையை உயர்த்துங்கள்.