கடலோரத்தில் ஒரு பனிக்கட்டி வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் ஆட்டோவில் ஏறி "விவேகானந்தர் இல்லம்" என்று சொல்லிப் பாருங்கள். "ஐஸ் ஹவுஸா?" என்று ஓட்டுநர் திருப்பிக் கேட்பார். 1963-லேயே பெயர் மாறிவிட்டது. பேச்சில் மட்டும் பழைய பெயர்தான்.

மெரினாவுக்கு எதிரே, கடலைப் பார்த்து வட்டமாக நிற்கும் அந்தக் கட்டடத்தை 1842-இல் கட்டியவர் பிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி. பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார். மாதக்கணக்கில் பயணம். வழியில் கரைந்தது போக மிஞ்சியதுதான் சரக்கு. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வரும்.

இன்று அங்கே போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அலைக்கும் கட்டடத்துக்கும் நடுவே இவ்வளவு மணல் இருக்கிறதே, பனிக்கட்டியை எப்படிச் சுமந்தார்கள்? அந்த மணல் அப்போது இல்லை. பின்னாளில் துறைமுகம் கட்டியபோது கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அதில் தடுபட்டு, வருஷா வருஷம் சேர்ந்து கரை அகன்றது. டியூடர் காலத்தில் கடல் கிட்டத்தட்ட வாசலில் இருந்தது.

அப்புறம் இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். டியூடரின் வியாபாரம் படுத்தது. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டடத்தை வாங்கி, பனி காக்க எழுப்பிய சுவர்களில் ஜன்னல் திறந்து, வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சென்னை வந்தபோது இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்தார்கள். அவர் ஒன்பது நாள் தங்கியது இந்த வீட்டில்தான். பிறகு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் இங்கேயே ராமகிருஷ்ண மடத்தை நடத்தினார்.

என் மனம் அதிகம் நிற்பது அடுத்த அத்தியாயத்தில். சகோதரி சுப்புலட்சுமி சிறுமியாக இருந்தபோதே கணவரை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற பெண்களை ஓர் இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். கட்டடம் அரசின் கைக்கு வந்த பிறகு அந்த இல்லம் இங்கே குடியேறியது. எதிரே விதவை வந்தால் சகுனம் சரியில்லை என்று மனிதர்கள் வீட்டுக்குள் திரும்பிப்போன காலம் அது. தலை மழிக்கப்பட்டு, சமையலறை மூலையில் கிடக்க வேண்டியவர்கள் என்று ஊர் முடிவு கட்டிய பெண்கள், இங்கே சிலேட்டும் புத்தகமுமாக உட்கார்ந்தார்கள். பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய மசூதியும் பாரதியார் வாழ்ந்த வீடும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உரிய பெருமை உண்டு. ஆனாலும் ஊருக்கு வரும் உறவினர்களை நான் முதலில் அழைத்துப் போவது இந்த வீட்டுக்குத்தான். விவேகானந்தர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிறது. சுப்புலட்சுமியைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டியூடருக்குக் கொல்கத்தாவிலும் மும்பையிலும் இதுபோல ஐஸ் கிடங்குகள் இருந்தன. அவை போய்விட்டன. நம்முடையது நிற்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, சாலையைக் கடந்து அந்த வளைந்த சுவர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். வணக்கம்.