அந்தப் பையனைக் கேட்டது யாரு?

வணக்கம் நேயர்களே. ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு ஜனவரியும் ஆகஸ்ட்டும் வந்தாலே போன் கீழ வைக்க முடியாது, கிளப்புங்க ஆட்டக்காரங்களை வாங்கி விக்கிற ட்ரான்ஸ்ஃபர் விண்டோ தொறந்திருக்கும், யாரு எந்த கிளப்புக்குப் போறாங்கன்னு மணிக்கு ஒரு பேச்சு கிளம்பும். அதுல நான் ரொம்ப அக்கறையா கவனிக்கிற ஒரு வகை இருக்கு. அமெரிக்காவோட எம்.எல்.எஸ். லீக்ல ஆடுற ஒரு இளம் டிஃபெண்டரை, அதாவது பின்னாடி நின்னு கோல் விழாம தடுக்குறவரை, ஐரோப்பாவுல ஒரு பெரிய கிளப் கேக்குதாம்னு வர்ற வதந்தி. அது வந்ததும் எல்லாரும் கேக்குறது "எந்த கிளப், எவ்வளவு காசு"தான். நான் கேக்குறது வேற, அவரைக் கேட்டது அந்த கிளப்போட கோச்சா, இல்ல மேல ஆபீஸ்ல இருக்குற யாரோவா?

ஏன் இதைக் கேக்குறேன்னு பிரையன் ரெய்னால்ட்ஸ் கதையைச் சொன்னா புரியும். டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த் பையன், 2001ல பொறந்தவர். எஃப்சி டல்லாஸ் அகாடமில வளந்து 2016ல 15 வயசுலயே கான்ட்ராக்ட் போட்டாரு, ஆனா அப்போ அவர் டிஃபெண்டரே கிடையாது, முன்னாடி கோல் அடிக்கிற இடத்துல ஆடுனவர், அப்புறம்தான் வலது பக்கம் தடுக்குற ரைட் பேக்கா மாத்துனாங்க. 2020 செப்டம்பர்ல டல்லாஸோட ரைட் பேக் ரெஜி கேனன் போர்ச்சுகல்ல போவிஸ்தாவுக்குப் போயிட்டாரு, அந்த எடம் காலியாச்சு, ரெய்னால்ட்ஸ் உள்ள வந்தாரு. நல்ல உயரம், நல்ல வேகம், மூணு மாசத்துல பேர் பரவிடுச்சு. டிசம்பர் தொடக்கத்துல டல்லாஸ் ப்ளேஆஃப்ல சியாட்டில்கிட்ட தோத்து வெளிய வந்த கையோட வதந்தி ஆரம்பிச்சுது. இத்தாலியோட பெரிய கிளப் யுவென்டஸ் கேக்குதுன்னாங்க. இத்தாலில ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து ஒரு சீசனுக்கு இத்தனை பேரைத்தான் எடுக்கலாம்னு கோட்டா இருக்கு, அதனால அவரை முதல்ல பெனவென்டோங்கிற இன்னொரு இத்தாலி கிளப்ல கொண்டுபோய் வச்சுட்டு அப்புறமா கூப்பிட்டுக்குவாங்கன்னு அடுத்த செய்தி. கடைசில இன்னொரு இத்தாலி கிளப் ரோமா உள்ள வந்து 2021 பிப்ரவரி 1ஆம் தேதி கூட்டிட்டுப் போயிடுச்சு, முதல்ல லோன், அதாவது இரவல் மாதிரி கொஞ்ச நாளைக்கு, அப்புறம் 67.5 லட்சம் யூரோவுக்கு வாங்கிக்கணும்னு ஒப்பந்தம். ரோமாவோட ஓனர் ஃப்ரீட்கின் குடும்பமும் டெக்சாஸ்காரங்கதான், ஹூஸ்டன். 19 வயசுப் பையனுக்கு இதைவிட என்ன வேணும்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. அவர் போனப்போ கோச் பாவ்லோ ஃபொன்சேகா. வலது பக்கம் கார்ஸ்டார்ப்னு நல்ல அனுபவமுள்ள ஆள் ஏற்கெனவே இருந்தாரு, அதனால ஏப்ரல்லதான் பையன் முதல் மேட்ச் ஆடுறாரு. மே மாசம் கோச்சே மாறிட்டாரு, வந்தவர் மொரின்யோ. அக்டோபர்ல நார்வேல போடோ கிளிம்ட் கூட ஒரு மேட்ச், வழக்கமா ஆடாதவங்களை நெறைய பேரை இறக்குனாரு, அதுல ரெய்னால்ட்ஸும் ஒருத்தர். 6-1ன்னு தோத்தாங்க. அந்த ராத்திரி ஆடுன சில பேருக்கு அதுக்கப்புறம் அந்த கிளப்ல வாழ்க்கையே இல்லாமப் போச்சு. 2022 ஜனவரில அவர் பெல்ஜியத்துல கோர்ட்ரைக்குக்கு லோன்ல போயிட்டாரு, அடுத்து வெஸ்டர்லோ, 2023ல அங்கேயே நிரந்தரமா சேந்துட்டாரு. பெல்ஜியத்துலதான் வாராவாரம் ஆடி நல்ல ரைட் பேக்கா வளந்தாரு. வெஸ்டர்லோங்கிற பேரு 2021 ஜனவரில வந்த வதந்தி எதுலயும் இல்ல.

அதே டல்லாஸ் அகாடமில இருந்து இன்னொருத்தர், கிறிஸ் ரிச்சர்ட்ஸ், நடுவுல நின்னு தடுக்குற சென்டர் பேக், அலபாமாக்காரர். 2018ல ஜெர்மனியோட பயர்ன் மியூனிக்குக்கு லோன்ல போனாரு, 2019ல அவங்களே வாங்கிட்டாங்க. பயர்ன்னு கேட்டதும் பயமா இருந்துச்சு எனக்கு, அவ்வளவு பெரிய எடத்துல ஒரு பையன் எங்க ஆடுவான்னு. ஆனா அவரை பயர்னோட ரெண்டாவது டீம்ல போட்டாங்க, அங்க செபாஸ்டியன் ஹூனஸ்னு ஒரு கோச் அவர் மேல நம்பிக்கை வச்சு தொடர்ந்து ஆட வச்சாரு, 2020ல அந்த டீம் ஜெர்மனியோட மூணாவது டிவிஷனையே ஜெயிச்சுது. ஹூனஸ் ஹோஃபன்ஹைம்ங்கிற இன்னொரு ஜெர்மன் கிளப்புக்குப் போனாரு, 2021 பிப்ரவரில ரிச்சர்ட்ஸும் லோன்ல அங்க போயிட்டாரு. தன்னை அறிஞ்ச கோச் இருக்குற எடம்! அப்புறம் 2022ல இங்கிலாந்துல கிரிஸ்டல் பேலஸ், 2025 மே மாசம் மான்செஸ்டர் சிட்டியை 1-0 ஜெயிச்சு எஃப்ஏ கப். ரெண்டு பேரும் ஒரே அகாடமி, திறமைல பெரிய வித்தியாசம்னு நான் நெனைக்கல.

டிஃபெண்டருக்கு கோச்சோட நம்பிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்னா, முன்னாடி ஆடுறவரை எழுபதாவது நிமிஷத்துல இறக்கி விடலாம், ஒரு கோல் போட்டா போதும், அடுத்த வாரம் டீம்ல இருப்பாரு. சென்டர் பேக்கை யாரு பாதில இறக்குவா? அடிபட்டாத்தான் மாத்துவாங்க. கோச் முழு நம்பிக்கையோட முதல் நிமிஷத்துல இருந்து நிறுத்தணும், பையன் தப்பு பண்ணுவான், அது கோலா முடியும், எல்லாரும் திட்டுவாங்க, அப்பவும் அடுத்த மேட்ச்ல நிறுத்தணும். அமெரிக்க டிஃபெண்டர் டிம் ரீம் 2012 ஜனவரில நியூயார்க் ரெட் புல்ஸ்ல இருந்து இங்கிலாந்துல போல்டனுக்குப் போனாரு, அந்த மே மாசமே போல்டன் பிரீமியர் லீக்ல இருந்து கீழ எறங்கிடுச்சு. ஆனா அவர் அங்கேயே நின்னு ஆடுனாரு, ஃபுல்ஹாம்ல ஒன்பது வருஷம் ஆடுனாரு, 2022 உலகக் கோப்பைல 35 வயசுல அமெரிக்காவோட நாலு மேட்ச்லயும் இருந்தாரு.

ஐரோப்பாவுக்குப் போகாதவங்களையும் சொல்லணும். அட்லாண்டாவுல ஆடுன டிஃபெண்டர் மைல்ஸ் ராபின்சன் பேர் எத்தனையோ விண்டோல அடிபட்டுச்சு. 2022 மே மாசம் குதிகாலுக்கு மேல இருக்குற அக்கிலீஸ் தசைநாண் அறுந்துபோச்சு, உலகக் கோப்பையும் போச்சு, அப்புறம் கான்ட்ராக்ட் முடிஞ்சு எம்.எல்.எஸ்.லயே சின்சினாட்டில சேந்தாரு. ஐரோப்பாவுக்குப் போகலங்கிறதுக்காக அவர் சின்ன ஆளா? நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இன்னொரு விஷயம், எம்.எல்.எஸ். சீசன் பிப்ரவரில தொடங்கி டிசம்பர்ல முடியுது, ஐரோப்பாவுல ஆகஸ்ட்ல இருந்து மே வரைக்கும். அதனால ஜனவரில போற பையன் நடு சீசன்ல, ஏற்கெனவே செட் ஆன டீமுக்குள்ள, மேட்ச் ஆடாத காலோட போய் எறங்குறான். இது மாறப்போகுது. 2027 ஜூலைல இருந்து எம்.எல்.எஸ்.ஸும் ஐரோப்பா காலண்டர்படி ஆடும்னு 2025 நவம்பர்ல முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் சீசன் முடிச்சுட்டு கோடைலயே போகலாம், ப்ரீ சீசன் முழுக்க கோச் கண்ணு முன்னாடி பயிற்சி பண்ணலாம், மொதல் வாரத்துல யாரை நிறுத்துறதுன்னு கோச் யோசிக்கும்போது இவன் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கும். அந்த மாற்றத்துக்காக நான் ரொம்ப ஆவலா காத்துட்டு இருக்கேன். நன்றி, வணக்கம்.