எத்தனை மணிக்கு ரட்சிக்கப்பட்டீர்கள்?

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

நம் சபைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் ஊரையும் பேரையும் கேட்ட கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும். “ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?” ஆமாம் என்றாலும் விடமாட்டோம். “எப்ப? எந்தக் கூட்டத்துல?” தேதி சொல்கிறவருக்கு ஒரு அல்லேலூயா. ஞாயிறு பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளை, பாட்டி மடியில் ஜெபம் படித்த பிள்ளை, திருதிருவென்று முழிக்கும். நானும் ரொம்ப காலம் அப்படி முழித்தவன்தான்.

தேதி மட்டுமல்ல, மணியையும் சேர்த்து எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர், உபவாசம், சிறைச்சாலை ஊழியம் என்று ஒன்றையும் விடாதவர். 1736 ஜனவரியில் மிஷனெரியாக அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது பெரும் புயல். பாய் கிழிந்து, கடல் கப்பலுக்குள் வந்து விழுகிறது. ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியர்கள் என்ற ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபையாரோ பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. பயமில்லையா என்று பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். “உங்கள் பெண்களும் பிள்ளைகளும்?” அவர்களுக்கும் சாவுக்குப் பயமில்லை என்று பதில் வந்தது.

கரையிறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவியப் போதகர் அவரை நேராகக் கேட்டார்: இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா? வெஸ்லி சற்றுத் தயங்கி, அவர் உலக ரட்சகர் என்று அறிவேன் என்றார். சரி, உம்மை அவர் ரட்சித்தார் என்று அறிவீரா? என்னை ரட்சிக்கவே மரித்தார் என்று நம்புகிறேன் என்று ஒருவாறு சமாளித்தார். உம்மையே நீர் அறிவீரா என்றதற்கு, அறிவேன் என்றார். பிற்பாடு அந்தப் பதிலைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதும்போது, அவை வெறும் வார்த்தைகளோ என்று அஞ்சுவதாகச் சொல்கிறார். ஒரு போதகர் இப்படி எழுதுவதற்குத் தைரியம் வேண்டும்.

அப்புறம் 1738 மே 24. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது அவர் இருதயம் விநோதமாக அனல்கொண்டது. கிறிஸ்து என் பாவங்களை, என்னுடைய பாவங்களையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது என்கிறார்.

இந்த இடத்தோடு நம் பிரசங்கிகள் நிறுத்திவிடுவார்கள். நாட்குறிப்பு நிற்கவில்லை. அன்றைக்கே ஒரு சந்தேகம் எழும்பியது: இது விசுவாசமாக இருக்க முடியாது, சந்தோஷம் எங்கே? ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்றே எழுதுகிறார். மணி நேரம் குறித்து வைத்த மனிதர்! இருதயத்தின் சூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் இந்தத் தொல்லைதான். தெர்மாமீட்டர் காலையில் ஒன்று காட்டும், சாயங்காலம் ஒன்று காட்டும்.

யோவான் 3-ம் அதிகாரத்தில், தம்மைத் தேடி வந்த நிக்கொதேமு என்ற பரிசேயரிடம், மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார் இயேசு. அந்த ‘மறுபடியும்’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, கிழவன் எப்படித் தாயின் வயிற்றுக்குள் போவது என்று கேட்டார். பாவம், நாமும் அதைத்தான் கேட்கிறோம்: நான் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்தேன்? பிறப்பில் பிள்ளை செய்கிற வேலை என்ன இருக்கிறது? உங்கள் பிறந்தநாள் உங்களுக்கு ஞாபகம் இருந்தா தெரியும்? அம்மா சொன்னாள், நம்பினீர்கள். பவுலும் அப்படித்தான் சொல்கிறார், நாம் தேவனுடைய பிள்ளைகள் என்று ஆவியானவரே சாட்சி கொடுக்கிறார் என்று. சாட்சி அவருடையது. மேடையில் மைக் பிடித்து நாம் சொல்வது அதற்கு அப்புறம்தான்.

தமஸ்கு சாலையில் நண்பகலில் விழுந்த பவுலுக்குத் தேதி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரணத்தைவிட்டு ஜீவனுக்குள் வந்ததை எப்படி அறிவது என்று யோவான் தன் முதல் நிருபத்தில் எழுதும்போது நாளையோ இடத்தையோ கேட்கவில்லை. சகோதரரிடத்தில் அன்புகூருகிறோம், அதனால் அறிந்திருக்கிறோம் என்கிறார். உயிரோடிருக்கிறவன் மூச்சு விடுகிறான், அவ்வளவுதான் சங்கதி.

அந்த நிக்கொதேமுவையே பாருங்கள். 3-ம் அதிகாரத்தில் இரவில் வந்தவர், பேச்சின் நடுவிலேயே காணாமல் போகிறார். 7-ம் அதிகாரத்தில் பரிசேயர் நடுவில் இயேசுவுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திட்டு வாங்குகிறார். 19-ல், சீஷர்கள் சிதறிப்போன நேரத்தில், சிலுவையில் செத்த ஒருவரின் உடலுக்காக வெள்ளைப்போளமும் கரியபோளமுமாக வாசனைப் பொருள்கள் ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவருகிறார். இந்த மூன்று அதிகாரங்களுக்கு நடுவில் எந்த நாளில் அவர் மறுபடியும் பிறந்தார் என்று யோவான் ஒரு வரிகூட எழுதவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் யாராவது அவரை நிறுத்தி, “தேதி சொல்லுங்க ஐயா” என்று கேட்டிருந்தால், கையில் அவ்வளவு பாரத்தோடு நிற்கிறவர் என்ன சொல்லியிருப்பார்?

ஜெபிப்போம்.