ரோஸ்டர் எழுதுகிறவரும் வேண்டும்

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் இப்போது தலைமைத்துவப் பயிற்சிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. முகாமைத்துவம் என்றால் மட்டும் நம்மவர்களுக்கு இளப்பம்: கணக்குப் பார்க்கிற, லீவு வெட்டுகிற வேலையாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தலைவர்களும் முகாமையாளர்களும் வேறு வேறு வகை மனிதர்கள் என்று 1977இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் சலெஸ்னிக் எழுதினார். 1990இல் அங்கேயே ஜோன் கொட்டர், வேறுபாடு ஆளில் இல்லை, செய்கிற வேலையில் இருக்கிறது என்றார். பல வேலைகள் பின்னிக் கிடக்கிற சிக்கலைச் சமாளிப்பது முகாமைத்துவம்: திட்டம், வரவுசெலவு, ஆளணி, கண்காணிப்பு. மாற்றத்தைச் சமாளிப்பது தலைமைத்துவம்: திசை காட்டி, ஆட்களை இணங்க வைத்து, சோராமல் பார்ப்பது. ஐந்தாறு பேர் வேலை செய்கிற, இரண்டுக்கும் தனித்தனி ஆள் வைக்க முடியாத நம்மூர்க் கடைகளுக்குக் கொட்டர் சொன்னதுதான் பொருந்தும்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதே! எனக்குத் தெரிந்த வெதுப்பகம் ஒன்றில் மா குழைக்கிற மெசின் நின்றுபோனது. பெற்றோலும் இல்லை. முதலாளி காசு மேசையில் இருந்த பிள்ளை வரை எல்லாரையும் கூப்பிட்டார். "மா இவ்வளவுதான் இருக்கு. கேக்கையும் பணிசையும் விடுவம், பாணை மட்டும் போடுவம். கையால குழைக்க ஏலுமோ, சொல்லுங்கோ." மூத்த வேலையாள் சொன்னார்: "விறகுப் போறணை கிடக்குத்தானே அண்ணை, பாப்பம்."

உள்ளதை மறைக்கவில்லை, கட்டளையும் இடவில்லை. நல்ல தலைமை. ஆனால் ஒவ்வொரு இரவும் அதே இரண்டு பேர்தான் குழைத்தார்கள். மணிக்கட்டு வீங்கி ஒருவர் வராமல் நின்றுவிட்டார். முதலாளியின் உற்சாகப் பேச்சு வீக்கத்துக்கு மருந்தாகுமா?

கணக்கெழுதுகிற அக்கா ஒருவர், அதிகம் கதைக்கமாட்டார். மின்வெட்டு நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரு ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது என்ன வேலை என்ற பட்டியல், எழுதி வைத்தார்: கரண்ட் இருக்கிற நேரத்தில் மெசினுக்கு யார், இல்லாத நேரத்தில் கைக்கு யார், யார் படுக்கலாம், மண்ணெண்ணெய் வரிசைக்கு யார். முதலாளியின் பெயரும் ஒரு இரவுக்குக் கையால் குழைக்கிற பக்கத்தில் இருந்தது! நின்றவர் திரும்பி வந்தார்.

நமது அலுவலகங்களில் சேவைக்காலம் பார்த்து ஒருவரைப் பொறுப்பதிகாரி ஆக்குகிறோம். அடுத்த வாரமே தலைமைத்துவப் பட்டறைக்கு அனுப்பி, கைதட்டப் பழக்கி, சான்றிதழும் கொடுக்கிறோம். ஆறு பேரின் லீவையும் ஒரு இரவு வேலையையும் எப்படிப் பொருத்துவது என்று ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பட்டறை வைக்கிறவர்கள் அரைநாளையாவது ரோஸ்டர் எழுதப் பழக்க ஒதுக்கினால், நானும் பெயர் கொடுக்கத் தயார்.