14 கிலோமீட்டர், 21 அங்குலச் சக்கரம்: டூயல் ஸ்போர்ட்டில் தினமும் வேலைக்கு

வணக்கம் மக்களே. இப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தினேன். வேலை தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, இன்ஜின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் மைக்கில் கேட்டாலும் கேட்கும். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். "மலைக்கும் போவதில்லை, காட்டுக்கும் போவதில்லை, வீட்டிலிருந்து வேலைக்கு 14 கிலோமீட்டர். அதற்கு எதற்கு இவ்வளவு உயரமான வண்டி?"

இந்த டூயல் ஸ்போர்ட்டை, அதாவது தார்ச் சாலையிலும் மண்ணிலும் ஓடுகிற மாதிரி செய்த பைக்கை, ஓட்டத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாளைக்குப் போக வர 28 கிலோமீட்டர் என்று 21,000 தாண்டிவிட்டது. 200 சிசி, ஒற்றை சிலிண்டர், முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், கம்பிச் சக்கரம். இந்த வண்டியின் நல்ல குணம் முக்கால்வாசி தெரிவது 15 கிலோமீட்டர் வேகத்துக்கும் 50 கிலோமீட்டர் வேகத்துக்கும் நடுவில்தான். நாம் வேலைக்குப் போகிற வேகமும் அதுதானே. இதுதான் என் பதில்.

என் வழியில் நடுவில் 3 கிலோமீட்டர், குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைப் போட்டு மூடி, மேலே தார் போடாமல் விட்ட சாலை. முன்பு வைத்திருந்த சாதாரண பைக்கில் அந்த இடம் வந்தாலே தோள்பட்டை தானாக இறுகிவிடும். இப்போது அப்படி இல்லை. காரணம் இரண்டு. சக்கரத்தின் விட்டம் பெரிதாக இருந்தால் குழியின் விளிம்பில் மோதுகிற கோணம் சாய்வாகிவிடுகிறது, 17 அங்குலச் சக்கரம் சுவரில் முட்டுவதுபோல முட்டுகிற அதே விளிம்பில் 21 அங்குலச் சக்கரம் ஏறிப் போய்விடும். அடுத்தது சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கு வருகிற அடியை வாங்கிக்கொள்கிற ஸ்பிரிங் அமைப்பு. வழக்கமான சின்ன பைக்கின் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு குழாய்கள்) 120, 130 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கி ஏறும், டூயல் ஸ்போர்ட்டில் 200 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது சாதாரணம், ஹோண்டா சிஆர்எஃப்300எல் மாதிரி வண்டியில் முன்னாலும் பின்னாலும் 260. அடி விழுந்தால் அதை வாங்கிக்கொள்ள அவ்வளவு இடம் இருக்கிறது.

ஆனால் சஸ்பென்ஷன் பார்த்துக்கொள்ளும் என்று மூட்டை மாதிரி சீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். குழி வருவது தெரிந்ததும் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில்லுங்கள். முழுதாக நிமிர வேண்டாம், சீட்டிலிருந்து உடம்பு நான்கு விரல் மேலே இருந்தால் போதும். முழங்காலால் டேங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, கையைத் தளரவிட்டு, ஆக்சிலரேட்டரை அப்படியே ஒரே அளவில் வைத்திருங்கள். வண்டி கீழே என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடட்டும், உங்கள் தலை ஒரே மட்டத்தில் போகும். இது பழகியதிலிருந்து எனக்கு மாலை நேர முதுகுவலி குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் அப்படியே நடக்குமா என்று நான் சொல்ல முடியாது, என் முதுகுக்கு நடந்தது.

அப்புறம் பார்வை. நிமிர்ந்து உட்காருகிற வண்டி, சீட்டும் உயரம், அதனால் கண் கார்களின் கூரைக்கு மேலே நிற்கிறது. எனக்கு முன்னால் போகிற காரை விட்டுவிடுங்கள், அதற்கும் முன்னால் மூன்றாவது காரின் பிரேக் விளக்கு எரிவது தெரியும். நெரிசலில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஹேண்டில்பார் 80 சென்டிமீட்டர் அகலம் வரும், கண்ணாடியோடு சேர்த்தால் இன்னும் அதிகம். பழைய பைக் நுழைந்த சந்தில் எல்லாம் இது நுழையும் என்று நினைத்து விடாதீர்கள். நம் கைப்பிடி, உயரமான கார்களின் பக்கக் கண்ணாடிக்கு நேராக வரும். எனக்கு முதல் மாதம் முழுக்க இந்த அகலத்தைப் பழகவே போனது.

சரி, உயரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் பயந்து பின்வாங்குகிறார்கள். சாதாரண பைக்கின் சீட் 790 மில்லிமீட்டர் என்றால் சிஆர்எஃப்300எல் 880. பேப்பரில் 9 சென்டிமீட்டர் வித்தியாசம், பார்க்கும்போது மலை மாதிரி தெரியும். ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும். சரியாக அமைத்திருந்தால் மொத்த இயக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உங்கள் எடையிலேயே இறங்க வேண்டும். அதனால் நின்றுகொண்டு சீட்டை இடுப்போடு அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்.

அப்படியும் என் இரண்டு கால்களும் தரையில் முழுதாகப் படாது. தேவையும் இல்லை. சிக்னலில் நிற்கிறபோது நான் செய்வதைச் சொல்கிறேன். நிற்பதற்கு 5, 6 மீட்டருக்கு முன்னாலேயே எந்தக் காலை ஊன்றப் போகிறேன் என்று முடிவு செய்துவிடுவேன், பெரும்பாலும் இடது கால். வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். கடைசி ஒரு மீட்டரில் சீட்டிலிருந்து இடுப்பை இடது பக்கமாக ஒரு கையகலம் நகர்த்துவேன், வண்டி நிற்கிறபோது இடது பாதம் முழுதாகத் தரையில் இருக்கும். இரண்டு பக்கமும் நுனிக்காலில் தடுமாறி நிற்பதைவிட ஒரு பக்கம் முழுப் பாதம் எவ்வளவோ உறுதி. தரையைப் பார்த்து நிறுத்துங்கள், அது ரொம்ப முக்கியம். ஊன்றப் போகிற இடத்தில் பள்ளமோ மணலோ இருந்தால் அரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். உயரமான வண்டி சாயத் தொடங்கினால், ஒரு அளவுக்கு மேல் கையால் தடுக்க முடியாது.

கால் ஊன்றுவது என்றதும் யமஹா செரோ ஞாபகம் வருகிறது. 1985இல் ஜப்பானில் வந்த 225 சிசி வண்டி, செரோ என்பது அங்கே மலையில் வாழ்கிற, ஆட்டைப் போன்ற ஒரு விலங்கின் பெயர். இரண்டு சக்கரம், அதோடு இரண்டு கால் என்பதுதான் அந்த வண்டியின் அடிப்படை யோசனை. வேகமாகப் பறக்க வேண்டாம், தேவையான இடத்தில் காலையும் ஊன்றிக்கொண்டு மெதுவாக எங்கேயும் ஏறலாம். 2020 வரைக்கும் அந்தப் பெயரில் வண்டி வந்தது. மலைக்காக யோசித்த அந்த மெதுவான குணம்தான் ஊர்ந்து போகிற நெரிசலில் நமக்கும் உதவுகிறது. முதல் கியர் அவ்வளவு கீழே இருப்பதால் நடக்கிற வேகத்தில்கூட கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டு இழுத்துப் போகலாம்.

இப்போது மழை. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லப் போகிறேன்.

வண்டி வந்தபோது கட்டை கட்டையாகப் பொத்தான் வைத்த டயர் இருந்தது. பார்க்க ரொம்ப அழகு. அந்த வருடத்தின் முதல் மழை, காலை நேரம், 35 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. முன்னால் ஒரு கார் திடீரென்று நின்றது. நானும் பிரேக் பிடித்தேன், பின் சக்கரம் சரியாக நடைபாதைக் கோட்டின் வெள்ளைப் பெயின்ட் மேல் பூட்டிக்கொண்டது. வண்டியின் பின்பகுதி வலது பக்கம் ஒரு முழம் விலகிப் போனதை இடுப்பில் உணர்ந்தேன். விழவில்லை. காருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு அடி இருந்தது. அன்றைக்கு வேலைக்கு வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் கை நடுங்கியது.

அந்தப் பொத்தான்கள் மண்ணைக் கடிப்பதற்காக இருப்பவை. தார்ச் சாலையில் அவற்றின் நுனி மட்டும்தான் தரையைத் தொடும், நடுவில் இருக்கிற இடைவெளி எல்லாம் சும்மாதான் சுற்றும். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு பொத்தானும் வளையும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும், அதோடு பெயின்ட் கோடு, இரும்பு மூடி, இவை எல்லாம் சேர்ந்தால் பிடிப்பு இல்லை. அடுத்த வாரமே டயரை மாற்றினேன், தயாரிப்பாளர்கள் 80/20 என்று சொல்கிற வகை, அதாவது 80 பங்கு சாலை, 20 பங்கு மண். வண்டியே மாறிவிட்டது. திருப்பத்தில் இருந்த அந்த மெல்லிய நெளிவு போனது, இரைச்சல் போனது. என்னுடைய 3 கிலோமீட்டர் மண் சாலைக்கு அது தாராளமாகப் போதும். தினமும் வேலைக்குத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கூடுதல் விளக்கு, பெட்டி, பாதுகாப்புக் கம்பி எதையும் வாங்குவதற்கு முன்னால் டயரை மாற்றுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை: நீளமான ஃபோர்க் என்பதால் பட்டென்று பிடித்தால் முன்பக்கம் குனியும். முதலில் லேசாகப் பிடித்து, முன்பக்கம் இறங்கி உட்கார்ந்ததும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். காலி இடத்தில் பத்து தடவை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

செயினில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பழைய பைக் பழக்கத்தில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைக் கொஞ்சமாக ஆடுகிற மாதிரி இறுக்கி வைத்தேன். இரண்டு வாரத்தில் ஓடும்போது ஒரு முனகல். இந்த வண்டிகளில் பின்சக்கரம் நிறைய மேலே கீழே போகும், முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுகிற பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை வண்டியோடு சேர்கிற மூட்டு), பின் ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது செயின் அதிகமாக இறுகும். யாரும் உட்காராத வண்டியில் சரியாகத் தெரிகிற செயின், ஆள் உட்கார்ந்து குழியில் இறங்கும்போது கம்பி மாதிரி ஆகி கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கிற தளர்வை அப்படியே வையுங்கள், அது பார்க்க அதிகமாகத் தெரிந்தாலும் சரி. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் விடுகிறேன், மழைக்காலத்தில் அதற்கும் முன்னாலேயே.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினேன், 13இலிருந்து 14. அதே வேகத்தில் இன்ஜின் சுற்று 7 சதவீதம் குறைகிறது, ஹேண்டிலில் வருகிற அதிர்வும் குறைந்தது. அதற்காக இதை நெடுஞ்சாலை வண்டி என்று சொல்ல மாட்டேன். உங்கள் வழி 40 கிலோமீட்டர் அகலமான வேகச் சாலை என்றால் வேண்டாம். எடை குறைவு, உயரம் அதிகம், பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனால் காற்று தள்ளும், ஒல்லியான சீட் ஒரு மணி நேரத்தில் வலிக்கும். அந்த வழிக்கு வேறு வண்டி வாங்குங்கள்.

கடைசியாக பஞ்சர். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை இருப்பதால் பெரும்பாலும் உள்ளே ட்யூப்தான். ட்யூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் பல நேரம் மெல்ல இறங்கும், இங்கே அரை நிமிடத்தில் காற்று போய்விடும். போன மாதம் காலை 8.20க்கு பின் சக்கரத்தில் அது நடந்தது. பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு ஓரம் கட்டினேன்.

சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. சைடு ஸ்டாண்டுக்கு எதிர்ப் பக்கம் ஸ்விங் ஆர்முக்குக் கீழே ஒரு கல்லையும் கட்டையையும் அடுக்கித்தான் சக்கரத்தைத் தூக்கினேன். ஆக்சிலைக் கழற்றி, டயர் விளிம்பைக் காலால் மிதித்து ரிம்மிலிருந்து விடுவித்து, டயரை நெம்பி எடுக்கிற லிவரைப் போட்டேன். இதில் பலத்தைவிட ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். லிவர் போடுகிற பக்கத்துக்கு நேர் எதிரே, டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அப்போது இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். முதல் தடவை இது தெரியாமல் முரட்டுத்தனமாக லிவரை நெம்பி புது ட்யூப்பையே கிள்ளி ஓட்டை போட்டிருக்கிறேன். அப்புறம், ட்யூப்பை வைப்பதற்கு முன்னால் டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை வைத்துத் தடவுங்கள். ஆணியின் நுனி உள்ளேயே இருந்தால் துணியில் மாட்டும். எனக்கு மாட்டியது, ஒரு சென்டிமீட்டர் கம்பித் துண்டு, வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியவில்லை.

இதோ, என் பையில் இருப்பது இவ்வளவுதான். மூன்று லிவர், ஆக்சிலுக்கு ஒரு ஸ்பேனர், கைப் பம்ப், பேட்ச், சொல்யூஷன், துணி, ஒரே ஒரு 21 அங்குல ட்யூப். முன் சக்கரத்து அளவுதான், ஆனால் அவசரத்துக்கு 18 அங்குலப் பின் சக்கரத்துக்குள்ளும் திணித்து வீடு போய்ச் சேரலாம், பிறகு சரியான அளவை மாற்றிவிட வேண்டும். அன்றைக்கு அப்படித்தான் செய்தேன், 50 நிமிடம் ஆனது. வேலைக்கு 20 நிமிடம் தாமதம், கை முழுக்க கருப்பு. மாலையில் அதே ட்யூப்போடு மெதுவாக வீடு போனேன். நாளைக்கு விடுமுறை, முன் டயரைக் கழற்றி மாட்டுவதைக் கேமராவுக்கு முன்னாலேயே செய்து காட்டுகிறேன். இப்போது மேலே போகிறேன், நேரமாகிவிட்டது.