பெட்டி கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஹன்னா செனெஷின் பயணம் வென்றதா, தோற்றதா?’ என்பது தலைப்பு. வென்றது என்று பேச வந்திருக்கிறேன்.

1921இல் புடாபெஸ்டில் ஒரு நாடக ஆசிரியரின் மகளாகப் பிறந்தவர் ஹன்னா. பள்ளி இலக்கிய மன்றப் பொறுப்புக்குத் தேர்வாகியும் யூதப் பெண் என்பதற்காக ஒதுக்கப்பட்டவர். 1939இல் பாலஸ்தீனத்தில் குடியேறி, வேளாண்மை படித்து, கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணையில் துணி வெளுத்து, பிறகு பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, நாஜிகளிடம் சிக்கிய ஹங்கேரி யூதர்களைக் காக்க உதவும் பணிக்காக, 1944 மார்ச்சில் அண்டை நாடான யுகோஸ்லாவியாவில் பாராசூட்டில் குதித்தார். ஜூனில் ஹங்கேரி எல்லையைக் கடந்தவுடன் பிடிபட்டார்.

இதை வைத்து எதிரணித் தலைவர் ஒரு கேலி செய்தார், நீங்களும் கைதட்டினீர்கள். “ஒரு கடிதத்தைக்கூடக் கொடுக்காமல் வழியிலேயே மாட்டிக்கொண்ட தபால்காரருக்கு விருதா?” என்று கேட்டார். கேலி நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். வானொலிக் கருவியோடு போனவர் ஹங்கேரியிலிருந்து ஒரு செய்தியும் அனுப்பவில்லை என்பதும், அந்த ஆண்டு மே 15 முதல் ஜூலை 9 வரை நாஜி கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்ட ஏறத்தாழ 4,37,000 யூதர்களில் ஒருவரையும் அவரால் இறக்க முடியவில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஐயா, கொள்ளையர் மறித்து, பல் உடையும்படி அடித்த பிறகும் பையைத் திறக்காத தபால்காரர் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? கருவி பகைவரிடம் சிக்கியது. அதன் சங்கேதக் குறியீடு சிக்கவில்லை. பெட்டி கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை.

அந்தச் சாவிக்காக அவர்கள் கடைசியில் யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? ஹன்னாவின் தாயை! “உங்கள் மகள் எங்கே இருக்கிறாள்?” என்று கேட்டார்கள். பாலஸ்தீனத்தில், பண்ணையில், பத்திரமாக இருக்கிறாள் என்றார் தாய். அவள் அடுத்த அறையில் இருக்கிறாள் என்றார்கள். கதவு திறந்தது. நால்வர் இழுத்து வந்த பெண்ணுக்குக் கண்ணைச் சுற்றிக் கருநிறம், கன்னத்தில் தழும்பு, முடி சடைசடையாக.

எதிரணியினர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் இதை மீண்டும் ஒருமுறை, தாயின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஐந்தாண்டுகளாக, தன் மகளாவது தப்பிவிட்டாள் என்ற ஒரே ஆறுதலில் வாழ்ந்தவர் அவர். தப்பிய அந்த மகள், தானே விரும்பித் திரும்பி வந்து, முன்பல் ஒன்று இல்லாமல் எதிரே நிற்கிறாள். பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் இதுவே கடைசிச் சந்திப்பு என்று மிரட்டுகிறார்கள். மகள் கட்டிக்கொண்டு கேட்டது மன்னிப்பு மட்டுமே. குறியீட்டை அப்போதும் சொல்லவில்லை. நடுவர் அவர்களே, அந்த அறையில் தோற்றவர் யார் என்பதை எதிரணியே சொல்லட்டும்.

அடுத்த வாதத்தைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்க மனம் வரவில்லை. அதே சிறையில் தாயையும் அடைத்தார்கள். எதிரெதிர்ச் சன்னல்கள். மகள் காகிதத்தைப் பெரிய பெரிய எழுத்துகளாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சன்னலில் காட்டித் தாயோடு பேசினார். பிள்ளைக்கு எழுத்து காட்டிய தாய்க்கு, அந்தப் பிள்ளை எழுத்து காட்டியது.

செப்டம்பரில் தாய் விடுதலையானார். நவம்பர் 7 அன்று, மகளைப் பார்க்க அனுமதி கேட்டு இராணுவச் சிறை அலுவலகத்தில் காத்திருந்தார். அவர் காத்திருந்த வேளையிலேயே ஹன்னாவைச் சுட்டுக் கொன்றார்கள். தண்டனை நிறைவேறிவிட்டது என்று அதிகாரி வந்து சொன்னார். ஹன்னாவுக்கு வயது இருபத்து மூன்று.

பிறகு மகளின் துணிகள் தாயின் கைக்கு வந்தன. ஓர் உடையின் பையில் ஒரு காகிதம் இருந்தது. அம்மாவுக்கு நன்றி சொல்லி, முடிந்தால் மன்னித்துவிடும்படி அதில் எழுதியிருந்தது. அந்த அறையில் பல்லிழந்த வாயால் கேட்ட அதே மன்னிப்பு.